இடிந்த மாளிகையும் இசைத்தட்டும்

இசைத்தட்டின் உறைக்குப் படம் பிடிக்கப் பழைய மாளிகைகளைத் தேடிச் செல்வது மேனாட்டார் வழக்கம். 1984-இல் அயர்லாந்தின் ‘யூ-டூ’ குழுவினரும், ஹாலந்து தேசத்துப் புகைப்படக் கலைஞர் ஆண்டன் கார்பைனும் ஆத்லோன் நகரை அடுத்த மோய்ட்ரம் மாளிகையைத் தேர்ந்தனர். காசில்மெய்ன் பிரபுவின் இல்லமாயிருந்தது அது. 1921 ஜூலையில், விடுதலைப் போரின்போது, குடியானவர் வீடுகளைப் பிரிட்டிஷ் படையினர் எரித்ததற்குப் பழிவாங்க ஐரிஷ் புரட்சிப் படையினர் அதற்குத் தீயிட்டனர். எஞ்சியவை சுவர்களும் அவற்றில் படர்ந்த கொடிகளுமே. இசைத்தட்டின் பெயரோ ‘மறக்கவொண்ணாத் தீ’ எனப் பொருள்படுவது. ஹிரோஷிமாவில் உயிர் தப்பியோர் தீட்டிய சித்திரங்களின் கண்காட்சியினின்றும் எடுத்த பெயர். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்த நம் போன்றோர்க்கு அப்படத்தைக் காணுங்கால் நெஞ்சு கனக்கிறது.

ஆயினும் அதில் ஒரு வில்லங்கம் உண்டு. சைமன் மார்ஸ்டன் என்பார் அயர்லாந்தின் இடிந்த மாளிகைகளைப் பற்றி 1980-இல் வெளியிட்ட நூலின் அட்டையிலும் அதே மாளிகை, அதே கோணம், அதே ஒளிமுறை! முன்னே நால்வர் நிற்பது மட்டுமே புதிது. இடிந்த சுவரை யாரும் படம் பிடிக்கலாம். அது ஒருவர் சொத்தன்று. மார்ஸ்டன் தேடிக் கண்ட கோணமோ அவருடைய உழைப்பு. அவர் ஈடு கேட்டதில் நமக்குக் குறை தோன்றவில்லை. குழுவினரும் பணம் கொடுத்தே அதைத் தீர்க்க நேர்ந்தது.