நடுவழியில் கரன்ட் போனால் ரோப்வே என்ன ஆகும்? டீசல் இன்ஜின் இருந்தால் மட்டும் போதுமா?

காஷ்மீரின் குல்மார்க் கோண்டோலாவிலோ, பனிச்சறுக்கு நடக்கும் மலைகளில் உள்ள சேர்லிஃப்டிலோ ஏறும் பலருக்கும் ஒரு தடவையாவது வரும் பயம் இது: பாதி வழியில் கரன்ட் போயிட்டா?

சுருக்கமான பதில்: லிஃப்ட் கீழே விழாது, அப்படியே நின்றுவிடும். ஆபத்து பெரும்பாலும் அதற்கு அப்புறம் நடப்பதில்தான் இருக்கிறது.

கரன்ட் போன நொடியில் என்ன நடக்கும்?

மின்மோட்டார் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் இரும்பு வடத்தை இழுக்கிறது. வடத்தைப் பிடித்திருக்கும் கேபின்களும் நாற்காலிகளும் கூடவே நகர்கின்றன.

காரில் மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். இங்கே அப்படியே தலைகீழ். வலுவான ஸ்பிரிங்குகள் எப்போதும் பிரேக்கை அழுத்தத் தயாராக இருக்கும். ஹைட்ராலிக் அழுத்தம்தான் அவற்றை விலக்கி வைத்திருக்கும். கரன்ட் போனால் அந்த அழுத்தம் விடுபடும், பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

ஜெனரேட்டரும் டீசல் இன்ஜினும் ஒன்றா?

இல்லை. ஜெனரேட்டர் மின்சாரம் தயாரித்து அதே மோட்டாரைத்தான் ஓட்டும். மோட்டாரே பழுதானால் அதனால் பயன் இல்லை. அதனால்தான், மோட்டாரின் உதவி இல்லாமல் சக்கரத்தைச் சுற்றக்கூடிய தனி டீசல் இன்ஜினும் வைக்கிறார்கள்.

ஆனால் அது மெதுவாகத்தான் இழுக்கும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் 2.5 கி.மீ. தூரத்தை 8 நிமிடங்களில் கடக்கலாம். அதுவே நொடிக்கு 1 மீட்டர் என்றால் 40 நிமிடங்களுக்கு மேல் ஆகும். திறந்த நாற்காலியில், பனிக்காற்றில் அது ரொம்ப நேரம்.

அப்படியானால் விபத்து எங்கே நடக்கிறது?

ஜார்ஜியா நாட்டின் குடவுரியில் 2018 மார்ச் 16 அன்று மின்தடையால் ஒரு சேர்லிஃப்ட் நின்றது. பிறகு அது பின்னோக்கி வேகமாக ஓடியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் குதித்தார்கள், சிலர் தூக்கி வீசப்பட்டார்கள். இயக்கியவர்களின் தவறே காரணம் என்று விசாரணை சொன்னது. மாற்று ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது, அதை முறையாக இயக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும்.

வடமே பாதிக்கப்பட்டால் எந்த இன்ஜினும் உதவாது. குல்மார்க்கில் 2017 ஜூனில் மரம் ஒன்று வடத்தின் மீது சாய்ந்ததில் 7 பேர் இறந்தார்கள். ஜார்க்கண்டின் திரிகூட் மலையில் 2022 ஏப்ரல் 10 அன்று நின்றுபோன ரோப்வேயில் இருந்தவர்களை மீட்டு முடிக்க 40 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஹெலிகாப்டர் மூலம் நடந்த அந்த மீட்பின்போதே 2 பேர் விழுந்து உயிரிழந்தார்கள். அதன்பிறகு, ரோப்வேக்களில் பாதுகாப்புத் தணிக்கை செய்யும்படி மாநிலங்களுக்கு மத்திய உள்துறை அமைச்சகம் அறிவுறுத்தியது.

மாட்டிக்கொண்டால் நீங்கள் என்ன செய்யணும்?

குதிக்காதீர்கள். நாற்காலியின் பாதுகாப்புக் கம்பியைத் திறக்காதீர்கள். கேபினை ஆட்டாதீர்கள். வெயில் அடித்தாலும் கையுறையும் ஜாக்கெட்டும் கூடவே இருக்கட்டும். போனில் சார்ஜை மிச்சம் வையுங்கள். கயிறு கட்டி இறக்க ஆட்கள் வந்தால் அவர்கள் சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள்.

இது ஏன் இப்போது முக்கியம்?

சோன்பிரயாக் - கேதார்நாத் இடையே 12.9 கி.மீ. ரோப்வேக்கு மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்தது. 8 முதல் 9 மணி நேரப் பயணம் 36 நிமிடங்களாகக் குறையும் என்கிறது அரசு. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இழுத்தால் அதே தூரத்துக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். இடையில் இறங்க நிலையங்கள் இருந்தால் இது குறையும்.

எனவே புதிய ரோப்வே ஒன்று திறக்கப்படும்போது, மேலே போக எத்தனை நிமிடம் என்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: மோட்டார் நின்றுவிட்டால் கடைசி ஆள் இறங்க எத்தனை மணி நேரம் ஆகும், அதற்கான ஒத்திகை கடைசியாக எப்போது நடந்தது?