நாற்பத்தெட்டு – 2: எந்தக் கணவாய்?

கைபேசியில் நான் விரித்துக் காட்டிய வரைபடத்தை பாய் திரும்பிப் பார்க்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரே கேள்விதான் கேட்டார்.

"டெல்லி எத்தினி கிலோமீட்டர்னு எனக்குத் தெரியும் தம்பி. ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம் ஸ்டீரிங் புடிப்ப? அத்த சொல்லு."

சென்னையில் தொடங்கி பெங்களூரு, புனே, மும்பை, அகமதாபாத், ஜெய்ப்பூர் என்று மேற்கைச் சுற்றிக்கொண்டு டெல்லிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 48 எங்கள் வாலாஜாபேட்டையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. அதன் மறுமுனையைக் காரிலேயே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எப்படி முளைத்தது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். கிருஷ்ணகிரிக்கு அப்பால் 44-ஆம் எண் சாலையைப் பிடித்து ஐதராபாத், நாக்பூர் வழியே போனால் தூரம் சில நூறு கிலோமீட்டர் குறையும். ஆனால் எங்களுக்கு 48தான் வேண்டும். நானும் அக்காவும் மாற்றி மாற்றி ஓட்டுவதாக ஏற்பாடு. அக்கா பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட நிதானமாக ஓட்டுவார், என்னைவிட அதிகமாகத் திட்டுவார்.

பாய் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ராணிப்பேட்டை, ஆம்பூர் டேனரிகளில் பதப்படுத்திய தோலைக் கட்டுக் கட்டாக ஏற்றிப்போய் ஆக்ராவிலும் கான்பூரிலும் இறக்கியிருக்கிறார். உப்புப் போட்ட பச்சைத் தோல் லோடும் அடித்திருக்கிறார். தார்பாயை எத்தனை மடிப்பு போட்டாலும் அந்த வாடை அடங்காதாம். சாப்பிட நிறுத்தினால், இலை போடுவதற்கு முன்பே ஓட்டல்காரர் வந்து வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்வாராம். "அதனால எனக்கு எப்பவும் கடைசி எடந்தான். கடைசி எடத்துல நிறுத்துனா காத்தால எடுக்கறது சுளுவு" என்று சிரித்தார்.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வாலாஜாவிலிருந்து டெல்லி சுமார் 2,700 கிலோமீட்டர். சுங்கச்சாவடி, டீ, ஊர் நெரிசல் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக மணிக்கு 55 கிலோமீட்டர் என்று வைத்தால் 49 மணி நேரம் வருகிறது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு விதித்த வரம்பு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணியாவது ஓய்வு. அதாவது சட்டப்படி ஓட்டுகிற ஒருவருக்கு இந்தச் சாலை ஏறக்குறைய சரியாக ஒரு வார வேலை! சாலையின் எண்ணும் 48 என்பது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாள் பாயிடம் சொன்னேன். "அந்தச் சட்டத்த எங்க மொதலாளி படிக்கலியே தம்பி" என்றார். அவர் காலத்தில் இதே தூரத்துக்கு இரண்டு டிரைவர்களைப் போட்டு, வண்டியை அணைக்காமல் ஓட்டச் சொல்வார்களாம்.

எங்கள் முதல் பட்டியல் இப்படி இருந்தது: சித்ரதுர்கா, கோலாப்பூர், தானே, வதோதரா, உதய்ப்பூர், ஜெய்ப்பூர் என்று ஆறு இரவுகள், ஏழாம் நாள் மதியம் டெல்லி. நாளைக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். பாய் ஊர்களை மாற்றவில்லை, மணியைத்தான் மாற்றினார். விடியற்காலை இரண்டு மணிக்கே கிளம்பி, நெரிசலுக்கு முன்னால் பெங்களூருவைத் தாண்டிவிடுவதாக நாங்கள் போட்டிருந்தோம். அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் வண்டிய தொடாத. கண்ணு தொறந்திருக்கும், ஆளு தூங்கிடுவான். அஞ்சு மணிக்கு எடு. பெங்களூர பத்து மணிக்கு மேல பாத்துக்கலாம்."

சொந்த வண்டி பதினொரு வயது டீசல். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளை 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தது, 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பிறகு அது தளர்வதும் இறுகுவதுமாகவே இருக்கிறது. 2,700 கிலோமீட்டர் போய் எல்லையில் வாதாட எனக்குத் தெம்பு இல்லை. சித்தப்பாவின் பெட்ரோல் காரை இரவல் வாங்கினோம். எண்ணெய் மாற்றியது, பிரேக் பார்த்தது, ஃபாஸ்டேக்கில் பணம் போட்டது எல்லாம் வழக்கமான கதை, விட்டுவிடுகிறேன்.

வாக்குவாதம் வந்தது வழியைப் பற்றித்தான், அதுவும் முதல் 150 கிலோமீட்டரைப் பற்றி.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் இதை எம்.பி.டி. ரோடு என்றுதான் சொல்வார்கள். மெட்ராஸ்–பெங்களூர் டிரங்க் ரோடு. எண்கள் 2010-ல் மாறுவதற்கு முன் இது நான்காம் எண் சாலை. அந்த நான்கு, ராணிப்பேட்டையில் வலது பக்கம் பிரிந்து சித்தூர், பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூரு போனது. கிருஷ்ணகிரிக்குப் போகும் கிளைக்கு 46 என்று தனி எண். தங்க நாற்கரம் போட்டபோது இந்தக் கிளையைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அது இன்றைக்கு 48 ஆகிவிட்டது. சித்தூர் வழி தூரம் கொஞ்சம் குறைவு என்பதால் கைபேசி அடிக்கடி அந்தப் பக்கமே இழுக்கும். அக்காவும் அதே கட்சி.

"மொகிலியா?" என்றார் பாய். சித்தூரைத் தாண்டி, பங்காருபாளையத்துக்கு அப்பால் பலமநேருக்கு ஏறும் காட் ரோடு அது. ஏறுவதில் ஒன்றுமில்லை, திரும்பி இறங்கும்போதுதான் வினை. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடுவார்கள். பாரம் தள்ளத் தள்ள பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. "ஏறுன கியர்லயே எறங்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அந்த ஒண்ணுதான் சொன்னாரு. கேக்காதவங்க ரெண்டு பேர எனக்குத் தெரியும்." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பாலாற்றுச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுக்கு ஏற இந்தப் பக்கம் மூன்று வாசல்கள்: வடக்கே மொகிலி, நடுவில் பேரணாம்பட்டிலிருந்து வெங்கடகிரிகோட்டைக்கு ஏறும் நாயக்கனேரிப் பக்கம், தெற்கே வாணியம்பாடி, பர்கூர் வழியாக மெல்ல ஏறும் கிருஷ்ணகிரிச் சாலை. திப்பு வீழ்ந்த மறுவருஷம், 1800 ஏப்ரலில், வெல்லெஸ்லியின் கட்டளைப்படி புதிதாகப் பிடித்த நாட்டின் பயிரையும் தொழிலையும் பார்த்து எழுதச் சென்னையிலிருந்து கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன் நடு வாசலில்தான் ஏறினார். ஆற்காடு, வேலூர், பள்ளிகொண்டா, சாத்கர், நாயக்கனேரி. அவர் எழுதியது 1807-ல் மூன்று தொகுதிகளாக லண்டனில் அச்சானது. மண் என்ன நிறம், ஏரியில் தண்ணீர் உண்டா, யார் என்ன நெய்கிறார்கள் என்று நின்று நின்று எழுதிக்கொண்டே போனவர். பயணத் திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரே பழைய புத்தகம் அது, ஆளுவதற்காக எழுதப்பட்டது என்பதை மறக்காமல் படித்தால்.

இந்த மூன்று வாசல்களிலிருந்தும் இறங்கிய சரக்கு வந்து சேர்ந்ததால்தான் நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரில் எழுந்த எங்கள் பேட்டை ஒரு காலத்தில் செழித்தது. மேட்டுச் சரக்கும் கடற்கரைச் சரக்கும் கைமாறிய ஊர். தியாகராஜர் திருவையாற்றை விட்டு மேற்கொண்ட அந்த ஒரே நெடும்பயணத்தில் இங்கே தம் சீடர் வேங்கடரமண பாகவதர் வீட்டுக்கும் வந்தார். பிறகு 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ரயிலடி ஊருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி அமைந்ததையும், வண்டிப்பாதை வணிகம் அதோடு மெலியத் தொடங்கியதையும் யாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில் அக்கா விட்டுக்கொடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வழியனுப்பத் தெருமுனைக்கு வந்த பாய், "ஸ்டெப்னில காத்து பாத்தியா?" என்றார். பார்த்துவிட்டோம் என்று தலையாட்டினேன். பார்த்தது நான்கு சக்கரங்களைத்தான்.

இருட்டோடு பாலாற்றைக் கடந்தோம். 2021 நவம்பரில் இந்த ஆறு கரை புரண்டதைப் பார்த்தவர்களுக்கும் இப்போது மணல்தான் தெரியும். மேல்விஷாரம் கடந்து வேலூர் கிரீன் சர்க்கிளை அந்த நேரத்தில் நிற்காமல் தாண்டியதே முதல் நாளின் பெரிய அதிர்ஷ்டம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டும்போது பொழுது விடிந்துவிட்டது.

ஆம்பூரை நெருங்கியபோது மணி ஆறரை. பிரியாணிக்கு இன்னும் அண்டாவே ஏறியிருக்காது. ஆனால் பிரியாணியைத் தேடி வருகிறவர்கள் பார்க்காத ஆம்பூர் அந்த நேரத்தில்தான் தெரியும். சாலையோரம் கொத்துக் கொத்தாகப் பெண்கள், தோளில் பை, கையில் டிபன் தூக்கு, ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். வரிசையாகப் பஸ்கள் ஒதுங்குகின்றன, ஏற்றுகின்றன, சர்வீஸ் ரோட்டில் திரும்புகின்றன. அக்கா வேகத்தைக் குறைத்தார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் போகவே இல்லை. அவரிடம் படித்த பெண்கள் பலர் இப்படி எங்கேயோ பஸ் ஏறுகிறவர்கள்தானாம்.

வாணியம்பாடி தாண்டி, இடது பக்கம் ஏலகிரி எழுந்து நிற்கும் இடத்தில், பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிட மோசம். கடந்துபோன தேங்காய் லோடு வண்டி ஒன்று தானாகவே நின்றது. டிரைவர் இறங்கி வந்து, ஸ்டெப்னியை உருட்டித் தன் வண்டியில் போட்டு, நாட்றம்பள்ளி பஞ்சர் கடைவரை என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை.

கிருஷ்ணகிரி போய்ச் சேரும்போது மணி ஒன்பதே கால். 148 கிலோமீட்டருக்கு நாலே கால் மணி நேரம். கன்னியாகுமரியிலிருந்து வரும் 44 அங்கே வந்து சேருகிறது. வலது பக்கம் திரும்பி ஒசூர்ச் சாலையைப் பிடித்தோம். பெங்களூருவை பத்து மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று பாய் சொன்னது எப்படிப் பலித்தது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். மொகிலியிலோ நாயக்கனேரியிலோ பழைய நாட்களில் லோடு வண்டி ஓட்டியவர்கள், கிளீனராகப் போனவர்கள் யாரேனும் இதைப் படித்தால் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு ஏறுவீர்கள், எங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவீர்கள், எந்தக் கியரில் இறங்குவீர்கள். வருஷத்தையும் வண்டியில் இருந்த சரக்கையும் குறிப்பிட மறக்காதீர்கள்.