போடிக்குக் காரா, ரயிலா?

சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்குக் காரில் போவதா, ரயிலில் போவதா? அம்மா போடியில் இருப்பதால் எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். சின்ன விஷயம்தான். ஆனால் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததில் நான் நினைத்திருந்தது பாதிக்கு மேல் தப்பு என்று தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பல வருஷங்களுக்கு இந்தக் கேள்விக்கே இடமில்லை, ஏன்னா ரயிலே கிடையாது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 1928-ல் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சுதந்திரத்துக்கு அப்புறம்தான் திரும்பப் போட்டார்கள். பிறகு அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2010 கடைசியில் மறுபடி நிறுத்தினார்கள். தொண்ணூறு கிலோமீட்டர்தான் தூரம். தேனி வரை வண்டி வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. நடுவில் பன்னிரண்டரை வருஷம். அது நின்றபோது ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, அது திரும்பி வந்தபோது பள்ளிக்கூடத்தையே முடித்திருக்கும். அந்த இடைவெளியில் ஊரே கார், பஸ் என்று பழகிப் போனது. இன்னும் போடியில் நிறையப் பேருக்கு ரயில் என்பது ஞாபகத்தில் வராத ஒரு வழி.

சரி, இப்போது வரைபடத்தைப் பார்ப்போம். காரில் சென்னையிலிருந்து விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் வந்து, அங்கே மேற்கே திரும்பி வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, போடி. ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ரயில் அப்படி வராது. சென்னை சென்ட்ரலில் கிளம்பி காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர் வழியாகத் திண்டுக்கல் வரும். வந்த பிறகு போடியை நோக்கித் திரும்பாமல் தெற்கே மதுரைக்குப் போய், அங்கிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி என்று மேற்கே வந்து சேரும். முக்கோணத்தில் ஒரு பக்கத்தில் போக வேண்டியதை இரண்டு பக்கம் சுற்றி வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து நேராகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பாதை கேட்டு இந்தப் பக்கத்துக்காரர்கள் மனுக் கொடுக்காத காலமே இல்லை.

இந்தச் சுற்று நம்ம ஊருக்கு மட்டும் உள்ளது என்று நினைத்திருந்தேன். பிரான்சில் அதிவேக ரயிலை வைத்துக்கொண்டே இதே கதை. அங்கே 1842-ல் போட்ட திட்டப்படி முக்கியப் பாதைகள் எல்லாம் பாரிஸிலிருந்து கிளம்பும் நட்சத்திரக் கதிர்கள். அதனால் மேற்கே போர்தோவிலிருந்து கிழக்கே லியோனுக்கு ரயிலில் போகிறவர் வடக்கே பாரிஸ் பக்கம் போய்த் திரும்பி வருகிறார். காரில் போகிறவர் நடுவிலுள்ள மலைப்பகுதியைக் குறுக்கே கடந்துவிடுகிறார். நேர் ரயிலைத் திரும்பக் கொண்டுவர அங்கே ஒரு கூட்டுறவு நிறுவனமே ஆரம்பித்தார்கள். 2024-ல் அது மூடப்பட்டது. ஆனால் ஒன்று, அங்கே சுற்றினாலும் ரயில் வேகமாகப் போய்விடும். நமக்கு அந்த வசதி இல்லை.

அப்போ கார்தானே சரி என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. செலவைப் பார்க்கும்போதும் முதலில் கார்தான் ஜெயித்தது. லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று வைத்தால் முப்பத்திரண்டு லிட்டர், பெட்ரோல் மட்டும் 3,200 ரூபாய்க்கு மேல், டோல்கேட் தனி. நாலு பேர் போனால் தலைக்கு ஆயிரத்துக்குக் கீழே. ரயிலில் மூன்றடுக்கு ஏசி ஒரு ஆளுக்கு ஆயிரத்துச் சொச்சம், ஸ்லீப்பர் நானூறு ரூபாய் சுற்றுவட்டாரம். ஆக, நாலு பேர் ஏசியில் போவதைவிடக் கார் மலிவு. நான் தனியாகப் போனால் கார் படு நஷ்டம். டயர் தேய்மானம், சர்வீஸ் இதெல்லாம் சேர்த்தால் இன்னும் மாறும். காருக்குக் கணக்குப் பார்க்கும்போது நாம் பெட்ரோலை மட்டும்தானே பார்க்கிறோம்!

நான் கணக்கில் சேர்க்காமல் விட்ட பெரிய விஷயம் தூக்கம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் காலையில் அம்மா கையால் காபி என்பதுதான் பல வருஷப் பழக்கம். ஒரு தடவை விடிகாலையில் வத்தலக்குண்டு தாண்டி ஒரு ரெண்டு விநாடி கண் அயர்ந்துவிட்டது. டயர் ரோட்டோர மண்ணில் இறங்கிய சத்தத்தில்தான் முழித்தேன். பின் சீட்டில் மனைவியும் பையனும் நல்ல தூக்கம். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ரெண்டு விநாடி என்றால் நாற்பத்து நாலு மீட்டர். அவ்வளவு தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை. இதை வீட்டில் சொல்லவே எனக்கு ரெண்டு மாதம் ஆனது.

அதே வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை வாக்கில் சென்ட்ரலில் இந்த ரயில் கிளம்புகிறது. சனிக்கிழமை காலை ஒன்பதரை சுமாருக்குப் போடி. ஞாயிறு இரவு எட்டரைக்குப் போடியில் ஏறினால் திங்கள் காலை சென்னை. வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறது: சென்னையிலிருந்து திங்கள், புதன், வெள்ளி, போடியிலிருந்து செவ்வாய், வியாழன், ஞாயிறு. (கிளம்பும் முன் நேரத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) வார விடுமுறைக்கு ஊருக்கு வருகிற என்னை மாதிரி ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருக்கிறது.

அம்மாவுக்கு அப்படி இல்லை. அவருக்கு ரயில் தேவைப்படுவது சென்னைக்கு அல்ல, மதுரைக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு. தினமும் ஓடும் பாசஞ்சர் காலையில் மதுரையில் கிளம்பிப் போடிக்கு வருகிறது, சாயங்காலம் போடியிலிருந்து மதுரைக்குத் திரும்புகிறது. மதுரைக்காரர் போடிக்கு வந்து வேலையை முடித்துவிட்டு அன்றைக்கே திரும்பலாம். போடிக்காரர் மதுரைக்குப் போய் அன்றைக்கே திரும்ப முடியாது. "ரயிலு நமக்கு இல்லப்பா, வர்றவுகளுக்கு"ன்னு அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார். தண்டவாளம் இருந்தால் மட்டும் போதாது, கால அட்டவணை எந்த ஊர்க்காரரை மனசில் வைத்துப் போட்டது என்பதும் முக்கியம். ஆக, ஆஸ்பத்திரி நாளில் கார், இல்லாவிட்டால் விடிகாலை பஸ்.

மலைக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஏலத்தோட்டங்கள் எல்லாம் மேலே பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் பக்கம். ரயில் அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. முந்தல் தாண்டினால் போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு அதே கையோடு அந்த வளைவுகளில் ஏறுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. மழைக்காலத்தில் மண் சரியும், மேலே மூடுபனியில் எதிரே வரும் லாரியின் விளக்குகூடத் தெரியாது. ரயிலில் வந்து, குளித்து, சாப்பிட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த ரோட்டிலேயே தினம் ஓட்டுகிற ஒருவரின் ஜீப்பில் ஏறுவதுதான் என் தேர்வு.

வண்டி மாற்றி ஏறுவது இந்த மலைக்குப் புதுசு இல்லை. 1902-ல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது, 1908-ல் அது குறுகிய பாதை ரயிலானது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, சுமார் ஐந்து கிலோமீட்டர் ரோப்வேயில் தொங்கியபடி குரங்கணிப் பக்கம் அடிவாரத்துக்கு வரும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி. 1924 வெள்ளத்தில் மேலே இருந்த ரயில் மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விட்டது. நாலு வருஷம் கழித்துக் கீழே போடிக்கு ரயில் வருகிறது. மேலே ரயில் இருந்தபோது கீழே இல்லை, கீழே வந்தபோது மேலே இல்லை.

இன்னொரு கூட்டத்துக்கு இந்தத் தேர்வே கிடையாது. விடியும் முன் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், ஜீப்பில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து கேரளப் பக்கம் மலையேறுகிறார்கள். சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்குகிறார்கள். ஆள் அதிகம் ஏற்றிய ஜீப் கவிழ்ந்த செய்தி இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும். கூலி நேரத்துக்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு வருவது ஜீப் ஒன்றுதான். நான் நாலு பக்கம் கணக்குப் போடுகிற அதே பயணத்தின் கடைசித் துண்டை அவர்கள் தினமும் இரண்டு தடவை கடக்கிறார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஏற்பாடு இப்படி: வெள்ளி இரவு என்றால் ரயில், யார் என்ன சொன்னாலும். தீபாவளி, பொங்கலுக்கு டிக்கெட் கிடைக்காமல் போனால் கார்தான், ஆனால் விடிந்த பிறகுதான் கிளம்புவது, இருட்டுவதற்குள் திண்டுக்கல் தாண்டுவது. அம்மாவின் ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அடுத்தது வருகிற புதன்கிழமை.