சைலன்சருக்குள் பாதி எஞ்சின்

பழைய ஆர்எக்ஸ் 100 ஒன்று கைக்கு வந்ததும் நம் பையன்கள் முதலில் கைவைப்பது சைலன்சரில்தான். வால்பக்கத்துத் திருகைக் கழற்றி, உள்ளே இருக்கும் குழாயை உருவிப் போட்டுவிட்டால் சத்தம் கூடும். சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்று ஒரு நம்பிக்கை. தெருவே திரும்பிப் பார்க்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், முன்பு மேட்டில் இரண்டு பேரோடு ஏறிய வண்டி இப்போது ஒருவரோடு திணறும்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சர் என்பது புகை போக வைத்த வழி மட்டும் இல்லை. எஞ்சினின் பாதி வேலை அதற்குள்தான் நடக்கிறது. இதை ஒருமுறை புரிந்துகொண்டவர் அதன்மேல் ரம்பத்தை வைக்க மாட்டார். அந்தப் புரிதலுக்காகவே இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் இந்த எஞ்சின் மூன்று தலைமுறையாக ஓடுகிறது. அப்பாவிடம் மைசூரில் செய்த யெஸ்டி இருந்தது. நான் ஆர்எக்ஸ்ஸுக்கு வந்தேன். இப்போது அதன் கிக்கரை உதைப்பது என் மகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து எனக்கும் என்னிடமிருந்து அவளுக்கும் வந்தது. கருப்படித்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் காற்று கூடுதல், காப்பிப் பொடி நிறமென்றால் சரி.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். திருவொற்றியூரில் தயாரான புல்லட்டை எடுத்துக்கொண்டால், அது ஃபோர் ஸ்ட்ரோக். காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்க ஒரு வீச்சு, அதை அழுத்த ஒன்று, எரிந்து தள்ள ஒன்று, புகையை வெளியேற்ற ஒன்று. பிஸ்டன் நான்கு முறை ஓடினால்தான் ஒரு வெடிப்பு. வழியைத் திறந்து மூட வால்வுகள், அவற்றைத் தூக்க கேம், இடையில் தள்ளுகம்பிகள். ஒவ்வொன்றும் எடை, ஒவ்வொன்றும் தேய்மானம்.

டூ ஸ்ட்ரோக்கின் ஹெட்டைக் கழற்றினால் வால்வு என்று ஒன்றுமே இருக்காது. சிலிண்டர் சுவரில் சில ஓட்டைகள் மட்டும் தெரியும். மெக்கானிக்குகள் அவற்றை போர்ட் என்பார்கள். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அந்த ஓட்டைகளை மறைக்கிறது, திறக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது தலைக்கு மேலுள்ள கலவையை அழுத்துகிறது. அதே நேரத்தில் காலடியில், கிராங்க் சுழலும் அறையில், வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டரிலிருந்து புதுக்கலவை உள்ளே வருகிறது. பிளக் பொறி விட்டதும் பிஸ்டன் கீழே இறங்குகிறது. முதலில் புகைபோக்கி ஓட்டை திறக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கியதும் பக்கவாட்டு ஓட்டைகள் திறந்து, கீழே காத்திருந்த புதுக்கலவை மேலே பீறிட்டு வந்து, எரிந்த புகையைத் துரத்தியடித்துக்கொண்டே சிலிண்டரை நிரப்புகிறது. கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. கிராங்க் அறையையே பம்பாக்கும் இந்த ஏற்பாட்டை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே என்பவர் உருவாக்கினார். எத்தனை அழகான சிக்கனம்!

இந்த அழகுக்குள் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. புதுக்கலவை உள்ளே வரும் நேரத்தில் புகைபோக்கி வழியும் திறந்தே கிடக்கிறது. புகையைத் துரத்த வந்த கலவை தானும் கூடவே வெளியே ஓடிவிடும். காசு கொடுத்து ஊற்றிய பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே போகும். அந்தக் கதவை மூட வால்வு இல்லை. பிஸ்டன் மேலே வந்து மூடும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஓடிப்போனதை யார் திருப்பிக் கொண்டுவருவது?

சைலன்சர்தான் கொண்டுவருகிறது, அதுவும் அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாமல்.

புகைபோக்கி ஓட்டை திறந்த கணத்தில் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை பாய்கிறது. புகை மெதுவாகத்தான் நகரும். அலை ஒலியின் வேகத்தில் ஓடும். குழாய் விரியும் இடத்தை அலை அடையும்போது அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் தலைகீழாகித் திரும்பும். நாகஸ்வரத்தின் உலவுக்குள் ஓடும் அலை அணசின் விரிந்த வாயிலிருந்து திரும்பி வருவதும் இதே விதிப்படிதான். அப்படித் திரும்பிய அலை சிலிண்டர் வாசலுக்கு வந்து, உள்ளே மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சி எடுக்கிறது. கீழிருந்து புதுக்கலவை வேகமாக ஏறவும் உதவுகிறது. குழாய் மேலும் நீண்டு, வயிறு பெருத்து, பிறகு குறுகத் தொடங்கும். அந்தக் குறுகும் கூம்பில் மோதும் அலை தள்ளும் அலையாகவே திரும்பும். பிஸ்டன் கதவை மூடுவதற்குச் சற்று முன் அது வாசலுக்கு வந்து, வெளியே ஓடிய புதுக்கலவையை மறுபடி சிலிண்டருக்குள் திணித்துவிடும். கதவு மூடிக்கொள்ளும்.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆர்எக்ஸ் 100 தன் முழுத் திறனைக் காட்டுவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அப்படியானால் ஒரு சுற்றுக்கு ஒரு நொடியின் ஆயிரத்தில் 8 பங்கு. அதில் ஏறத்தாழ பாதி நேரம் புகைபோக்கி வழி திறந்திருக்கும்; ஆயிரத்தில் 4 பங்கு. சூடான புகைக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும். 4 மில்லி நொடியில் 2 மீட்டர், அதாவது போக ஒரு மீட்டர், வர ஒரு மீட்டர். உங்கள் வண்டியின் சைலன்சரை சிலிண்டர் வாயிலிருந்து நாடா வைத்து அளந்து பாருங்கள். அது ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்கும்.

டூ ஸ்ட்ரோக் ஓட்டியவர்கள் எல்லோரும் அறிந்த அந்த உதைப்பும் இதனால்தான். 4000 சுற்றில் வண்டி சாதுவாகப் போகும். ஏனென்றால் அங்கே ஒரு சுற்றுக்கு 15 மில்லி நொடி. தள்ளும் அலை கதவு மூடுவதற்கு வெகு முன்பே வந்து, வேலையைக் குழப்பிவிட்டுப் போகிறது. சுற்று ஏற ஏற அலையும் கதவும் ஒத்துவரத் தொடங்கும். ஒரு புள்ளியில் இரண்டும் பொருந்தியதும், பின்னால் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் வண்டி பாயும். ஓட்டுபவர்கள் அந்த எல்லையைப் பவர் பேண்ட் என்பார்கள். பந்தய வண்டிக்குக் கூம்புகளின் சரிவைக் கூடுதலாக அமைப்பதால் உதைப்பு பலமாக இருக்கும், ஆனால் குறுகிய எல்லைக்குள் முடிந்துவிடும். வீதி வண்டிக்கு அதே கணக்கை மிதமாக வைத்திருப்பார்கள்.

இந்த அலைகளை வசப்படுத்திய மனிதர் வால்டர் காடன். 1919-இல் பிறந்த ஜெர்மானியர். 1927-இல், சிறுவயதில், நூர்பர்க்ரிங் பந்தயத்தடத்தின் திறப்பு விழாவைப் பார்த்ததுதான் அவரை எஞ்சின் பக்கம் இழுத்ததாகச் சொல்வார்கள். போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் ட்சோபாவ் என்ற சிற்றூரில் எம்இசட் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். காசு இல்லை, நல்ல உலோகம் கிடைப்பது அரிது. குழாய்க்குள் அலை எப்படி ஓடுகிறது என்பதை ஆஸிலோஸ்கோப் திரையில் பார்த்துப் பார்த்துக் கூம்புகளை வெட்டி ஒட்டினார். 1961-இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. டர்போ எதுவும் இல்லாமல் வெறும் காற்றை உறிஞ்சி ஓடும் எஞ்சின் அந்த எண்ணைத் தொட முடியும் என்று அதுவரை யாரும் காட்டியதில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், ஸ்வீடன் பந்தயத்தில், உலகப் பட்டத்துக்கு மிக அருகில் இருந்த எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னரின் எஞ்சின் பாதியில் நின்றுபோனது. பந்தயம் முடிந்ததும் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பினார். பெர்லின் சுவர் எழும்பி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் மனைவியும் பிள்ளைகளும் காரின் பின்பெட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். காடனின் நுட்பங்கள் டெக்னரோடு சுசுகிக்குப் போயின. மறு ஆண்டே, 1962-இல், டெக்னர் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். எம்இசட்டுக்குக் கடைசிவரை ஓர் உலகப் பட்டமும் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு தப்பிய மனிதனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் காடனை நினைத்தால் வயிறு எரிகிறது. சுசூகா தடத்தில் ஒரு வளைவு டெக்னர் பெயரில் இருக்கிறது. காடன் பெயரை நம் வண்டிக்காரர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

இன்னொரு தொடர்பையும் சொல்ல வேண்டும். ட்சோபாவ் தொழிற்சாலை போருக்கு முன் டிகேடபிள்யூ நிறுவனத்துடையது. அதன் ஆர்டி 125 வண்டியைப் பார்த்துச் செய்ததுதான் 1955-இல் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிள். அதன் பிறகு அலைக்கணக்கு ஜப்பானிய ஆலைகளின் அன்றாடப் பாடமானது. 500 சிசி உலகப் பட்டத்தை 1975-இல் பந்தய வீரர் அகோஸ்தீனி யமஹா டூ ஸ்ட்ரோக்கில் வென்றார். 2001 வரை அந்தப் பட்டம் வேறு எஞ்சினுக்குப் போகவே இல்லை. இந்தியாவுக்கு 1983-இல் ராஜ்தூத் 350 என்ற பெயரில் யமஹாவின் இரட்டை சிலிண்டர் ஆர்டி 350 வந்தது. 1985-இல் வந்த ஆர்எக்ஸ் 100, வெறும் 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்தது. தங்கள் வீட்டு வாசலில் நின்றது எந்த வம்சம் என்பது அதை வாங்கிய பலருக்குத் தெரியாது.

நான் வாங்கியபோது எனக்கும் தெரியாது. ஆனால் டூ ஸ்ட்ரோக்கின் சத்தம் அப்பாவுக்குத் தெரியும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்குப் போன தலைமுறை அவருடையது. நிழலே இல்லாத சிமெண்டுத் தரையில், வெயிலில் நின்று பார்க்க வேண்டும். ஓடுபவை பெரும்பாலும் வீட்டு ஷெட்டிலும் மெக்கானிக் கடையிலும் கைவேலை செய்த வண்டிகள். பந்தய டூ ஸ்ட்ரோக்கில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். சூட்டிலும் அது உலோகத்தை விட்டு வழியாது. அதன் புகை வாசனையை அப்பா சாகும்வரை மறக்கவில்லை. பிற்பாடு பந்தயங்கள் இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு மாறின. முறையான தடம், பாதுகாப்பும் கூடுதல். ஆனாலும் அப்பாவின் பேச்சில் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

ஆயிலைச் சொன்னேன் அல்லவா, அதில்தான் இந்த எஞ்சினின் உயிர். கிராங்க் அறை கலவைக்குப் பம்பாக இருப்பதால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. பெட்ரோலோடு கலந்துதான் அனுப்ப வேண்டும். யெஸ்டிக்கு அப்பா பெட்ரோல் பங்கிலேயே 2டி ஆயிலை அளந்து ஊற்றச் சொல்வார். ஊற்றிய பிறகு வண்டியை இரண்டு பக்கமும் சாய்த்து ஆட்டுவது என் வேலை. ஆர்எக்ஸ்ஸில் தனி ஆயில் டேங்கும் பம்பும் உண்டு. எதுவானாலும் ஆயில் நின்றால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்னாளில் 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற பாரி ஷீன், 1968-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச்சில், தந்தை பராமரித்த புல்டாகோவில் ஓடிய தன் முதல் பந்தயத்திலேயே எஞ்சின் கவ்வி விழுந்தவர். அன்றே இன்னொரு வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி தடத்தில் இறங்கினார். பழைய ஓட்டுநர்கள் கிளட்ச் லிவர்மேல் எப்போதும் இரண்டு விரலை வைத்திருப்பதன் காரணம், எஞ்சின் இப்படிக் கவ்விக்கொள்ளலாம் என்பதுதான்.

“பிஸ்டன்ல அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு பாரும்மா” என்றேன் மகளிடம், ஆர்எக்ஸ்ஸின் சிலிண்டர் பிளாக்கைத் தூக்கியபோது. அம்பு சைலன்சர் பக்கம் நோக்க வேண்டும். ரிங் உட்காரும் பள்ளத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பின் இருக்கும். ரிங்கின் இரு நுனிகளும் அந்தப் பின்னை அணைத்தபடி உட்கார வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங் தன் இஷ்டத்துக்குச் சுற்றலாம்; இங்கே சுவரில் ஓட்டைகள் இருப்பதால், சுற்றிய ரிங்கின் நுனி ஓட்டையில் மாட்டி உடைந்துவிடும். அவள் அதை விரல்நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, “இவ்ளோ சின்னதா இருக்கே, இதுவா தாங்குது?” என்று கேட்டாள். ஆமாம், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் ஓடிக்கொண்டே அதுதான் தாங்குகிறது.

இந்த எஞ்சின் சாலையிலிருந்து போனதற்குக் காரணமும் அந்தத் திறந்த கதவுதான். அலை எவ்வளவு திருப்பித் திணித்தாலும் எல்லாச் சுற்றிலும் முழுதாகத் திணிக்காது. எரியாத பெட்ரோலும் ஆயிலும் புகையோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். நகரங்களின் காற்று கெட்டது. 2000-த்தில் புகை விதிகள் இறுகின. நான் இந்த எஞ்சினை நேசிக்கிறேன், ஆனால் அந்த விதிகள் சரியானவை என்றே நினைக்கிறேன். நாள்தோறும் லட்சக்கணக்கில் ஓட வேண்டிய எஞ்சின் இல்லை இது. நன்றாக வைத்துக்கொண்டு, எப்போதாவது ஓட்ட வேண்டியது.

வைத்திருப்பவர்களுக்கு இரண்டு செய்தி. சைலன்சரின் உள்குழாயைக் குப்பையில் போடாதீர்கள். அவ்வப்போது உருவி, படிந்த கரியை எரித்தோ கம்பி பிரஷ்ஷால் தேய்த்தோ நீக்கி, மறுபடி அதே இடத்தில் மாட்டுங்கள். பிஸ்டன் தலையில் படிந்த கரியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டாதீர்கள், அலுமினியம் கீறிவிடும். மூங்கில் பத்தை போதும்.

பழைய வண்டி வாங்கப் போனால் பெயிண்டைப் பார்க்காமல் கிராங்க் சீலைச் சோதியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலரேட்டரை விட்டும் சுற்று இறங்காமல் தானாக ஏறினால், மேக்னட் பக்கத்துச் சீல் காற்றை இழுக்கிறது என்று சந்தேகிக்கலாம். வெள்ளைப் புகை அடங்காமல் வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால் கிளட்ச் பக்கத்துச் சீல் போயிருக்கும். இரண்டுமே கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் ரப்பர் வளையங்கள்தான். மாற்றும் கூலிதான் கொஞ்சம் கடிக்கும். அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.