ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள்

மதுரையிலிருந்து குற்றாலம் போகிற வேன்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மணி நேரம் நிற்கும். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டினால் ராஜபாளையம். அங்கே டீ குடிக்கக்கூட இறங்குவதில்லை. நான் பிறந்தது ராஜபாளையத்தில், வாழ்க்கைப்பட்டது ஸ்ரீவில்லிபுத்தூரில். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். அந்த வேன்களைக் கை காட்டி நிறுத்தி, “ஒரு ராத்திரி தங்கிட்டுப் போங்களேன்” என்று சொல்லத் தோன்றும். சொந்தக்காரர்கள் யாராவது வந்தால் நான் விடுவதில்லை. அவர்களை எந்த வழியில் கூட்டிப் போவேனோ அதையே இங்கே எழுதுகிறேன்.

காலையில் முதல் வேலை ஆண்டாள் சன்னிதி. இந்தக் கோயில் ஒன்றல்ல, இரண்டு. வடகிழக்கில் ஆலிலையில் பள்ளிகொண்ட வடபத்ரசாயி கோயில். தென்மேற்கில் ஆண்டாள் கோயில். இரண்டுக்கும் நடுவில் நந்தவனம். துளசிச் செடியின் அடியில் பெரியாழ்வார் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தது இங்கேதான் என்பார்கள். பன்னிரண்டு ஆழ்வார்களில் தகப்பனும் மகளுமாக இருவர் ஒரே ஊர்க்காரர்கள். கருவறையில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் மணக்கோலத்தில் நிற்க, எதிரே நிற்க வேண்டிய கருடாழ்வார் பக்கத்திலேயே நிற்கிறார்.

ஆண்டாளின் இடக்கையைக் கவனியுங்கள். அதில் இருக்கும் கிளி மரத்திலோ உலோகத்திலோ செய்ததில்லை. மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, நந்தியாவட்டை இலையில் சிறகு என்று தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒரு கிளி கட்ட நாலைந்து மணி நேரம் பிடிக்கும். சாயங்காலப் பூஜைக்கு அம்மன் கையில் ஏறும். மறுநாள் யாராவது ஒரு பக்தருக்குப் போய்விடும். பரம்பரையாக இதைக் கட்டுகிற குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள். நாளைக்கு வாடிவிடும் என்று தெரிந்தும் அலகின் வளைவுக்காக மெனக்கெடுகிற அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

பிராகாரத்தில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையை ஆண்டாள் தான் சூடி, இந்தத் தண்ணீரில் அழகு பார்த்தாள் என்பது கதை. அந்தக் கதை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்தில் திருமலை வேங்கடவன் கருட வாகனத்தில் எழுந்தருளும்போது சூடுவது இங்கிருந்து போகிற ஆண்டாள் மாலை. சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவதும் இங்கிருந்து போன மாலையோடுதான்.

மண்டபத் தூண்களில் யாளிகளும் வீரபத்திரரும் ரதியும் மன்மதனும் ஆளுயரத்தில் நிற்பார்கள். விஜயநகர, நாயக்கர் காலத்துச் சிற்பிகளின் கைவண்ணம். இங்கே நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் இந்த ஊர் ஆண்டாளை நாயகியாக வைத்து ஒரு பேரரசர் காவியம் எழுதியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய ‘ஆமுக்தமால்யதா’ ஆண்டாள், பெரியாழ்வார் கதை. தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் அதுவும் ஒன்று. அதில் பெரியாழ்வார் வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போடுகிற பகுதியை நான் மிகவும் விரும்புவேன். மழைக்காலமா, சுடுசோறும் பருப்பும் வற்றலும். வெயில் காலமா, மோரும் கரும்புச் சாறும் இளநீரும். பருவத்துக்குத் தக்க உபசாரம். வந்தவரைத் தங்கவைத்து வயிறு நிறையச் சோறு போட்ட ஊர் என்றுதான் ஹம்பியில் இருந்த ராஜாவின் மனதில் வில்லிபுத்தூர் பதிந்திருந்தது.

வெளியே வந்தால் ராஜகோபுரம். பதினோரு நிலை, சுமார் 192 அடி உயரம். மதுரைக் கோபுரங்களைப் போல வண்ணச் சுதைச் சிற்பங்கள் இதில் மொய்த்திருக்காது. அடுக்கடுக்காகச் சிறு தூண்களும் மாடங்களும் மட்டும். அதனால் கோபுரத்தின் வடிவம் முழுசாகக் கண்ணில் படுகிறது. தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம் என்பதில் எங்கள் ஊருக்குப் பெருமை. 1949இல் ஓவியர் கிருஷ்ணா ராவ் வரைந்த முத்திரை அது. அவர் வரைந்தது மதுரை மேலைக் கோபுரத்தை என்று வாதிடுவோரும் உண்டு. மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, நான் எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

மார்கழியில் வருகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பகல்பத்து தொடங்குகிற நாளில் ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்கு, அதாவது பெரியாழ்வாரின் வம்சத்தாரான வேதபிரான் பட்டர் வீட்டுக்கு எழுந்தருள்வாள். மகளை வரவேற்கக் காய்கறிகளைத் திண்ணையிலும் வாசலிலும் பரப்பி வைத்திருப்பார்கள். ‘பச்சை பரப்புதல்’ என்று பெயர். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் நைவேத்தியம். ஆடிப்பூரத் தேரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். லட்சம் பேர் கூடுகிறார்கள். எனக்கு அதைவிட இந்தக் காய்கறி வரவேற்புதான் பெரிது. பிறந்த வீட்டு வாசலில் இறங்குகிற பெண் யாராக இருந்தாலும் அதன் அருமை அவளுக்குத் தெரியும்.

கோயிலைவிட்டு வந்ததும் எல்லோரும் கேட்பது பால்கோவா. வாங்கலாம், ஆனால் டப்பாவில் வேண்டாம். விறகடுப்பில் பெரிய வாணலி வைத்துக் கிண்டுகிற கடையாகப் பார்த்து, சூடாக இலையில் வாங்கித் தின்னுங்கள். பாலும் சர்க்கரையும் தவிர அதில் எதுவும் சேர்வதில்லை. மலையடிவாரத்து மேய்ச்சலும் கூட்டுறவுப் பால் சங்கமும்தான் இந்தத் தொழிலை வளர்த்தன. 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அடுத்து நான் கூட்டிப்போகிற இடத்துக்கு வேன்கள் வருவதே இல்லை: பென்னிங்டன் நூலகம். 1875இல் தொடங்கியது. அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; ஆட்சியர் பென்னிங்டன் பெயரை வைத்தார்கள். தமிழ்நாட்டின் மிகப் பழைய பொது நூலகங்களில் ஒன்று. தாலுகா ஊர் ஒன்று நூற்றைம்பது வருஷமாக ஒரு நூலகத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறது என்பதைக் கோபுரத்தின் உயரத்துக்குச் சற்றும் குறையாத சாதனையாகவே நான் எண்ணுகிறேன். காலையில் போனால் பேப்பர் படிக்கிற பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். “என்ன டீச்சர், விருந்தாளியா?” என்று கேட்டு நாற்காலியை நகர்த்திக் கொடுப்பார்கள்.

1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கருக்கு இங்கேயும் ஒரு மஹால் உண்டு. மதுரை மஹாலைப் பார்த்த கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும். ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகுதான் அவர் சாப்பிடுவாராம். அந்தச் சேதி மதுரைக்கு எட்ட வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணியடித்தார்களாம். இது ஊரில் சொல்கிற கதை. மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் அவருடைய வயிற்று வலி தீர்ந்ததாக இன்னொரு கதை. வைணவ ஊர் என்று நினைத்து வருகிறவர்கள் இந்தப் பெரிய சிவன் கோயிலைப் பார்த்து அசந்துபோவார்கள்.

மறுநாள் காலையில் பஸ் ஏறிவிடலாம். ராஜபாளையம் வரைக்கும் வலது பக்க ஜன்னலில் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அந்தக் காடு 1988இல் நரை அணில் சரணாலயமானது. 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நரை அணில் சாதாரண அணிலைப் போல் பல மடங்கு பெரிது. மரத்துக்கு மரம் தாவும், தரையில் இறங்குவது அபூர்வம். பார்க்க ஆசைப்பட்டால் செண்பகத்தோப்புப் பக்கம் விடியற்காலையில் போக வேண்டும். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ராஜபாளையத்தில் இறங்கியதும், “இங்க என்ன மதினி பாக்க இருக்கு?” என்று கேட்பார்கள். மலைபோல ஒரு கோபுரம் இல்லைதான். தெருக்களைப் பார்க்க வேண்டும். பழையபாளையம், புதுப்பாளையம், சக்கராஜாக்கோட்டை, சிங்கராஜாக்கோட்டை என்று பகுதி பகுதியாக ஊர் பிரிந்திருக்கும். விஜயநகரக் காலத்தில் ஆந்திரப் பக்கமிருந்து தெற்கே வந்த ராஜுக்கள் அமைத்த குடியிருப்புகள். சாவடியில் உட்கார்ந்து பேசுகிற பெரியவர்களைக் கேளுங்கள். ஒரு வாக்கியம் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடியும். கிருஷ்ணதேவராயர் பாடிய ஊருக்கு அடுத்த ஊரில் இன்னும் தெலுங்கு புழங்குகிறது! ஆவக்காய் ஊறுகாயும் அவர்களோடு வந்ததுதான். என் சின்ன வயசில் பக்கத்து வீட்டு ராஜு பெரியம்மா சுடுசோற்றில் நெய்யும் ஆவக்காயும் போட்டுப் பிசைந்து உருட்டித் தருவார்கள். கோடைக்கு வந்தால் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கிடைக்கும். இரண்டும் இந்த மண்ணின் மாம்பழங்கள்.

இந்த ஊர் ஒரு முதலமைச்சரைத் தந்திருக்கிறது. பூ.ச. குமாரசாமி ராஜா 1949 ஏப்ரலில் சென்னை மாகாணப் பிரதமரானார். 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானபோது அந்தப் பதவியில் இருந்ததால் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் என்ற இடம் அவருக்குத்தான். வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணையை நீதிமன்றம் ரத்து செய்ததும், அதன் விளைவாக 1951இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்ததும் அவர் காலத்தில்தான். பிறகு ஒரிசா ஆளுநராகவும் இருந்தார். இவ்வளவு பதவி பார்த்தவர் தன் சொந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்காகக் கொடுத்துவிட்டார். வகுப்பில் நான் முதலமைச்சர்களின் வரிசையைச் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகள் ராஜாஜியிலிருந்தோ காமராஜரிலிருந்தோதான் தொடங்குவார்கள். நான் விடாமல் இவரிலிருந்து தொடங்கவைப்பேன்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் கட்டாயம் நடக்க வேண்டும். கிழக்கே கரிசல் காடு, அதில் பருத்தி. அந்தப் பருத்தி வந்து சேர்ந்த சந்தை இது. சந்தையை நம்பி ஆலைகள் வந்தன. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பின்னாளில் சிமென்ட் வரை வளர்ந்த ராம்கோ குழுமத்தின் தொடக்கம் அதுதான். மில் சங்கு ஊதுவதை வைத்து அடுப்பு மூட்டிய தலைமுறை என்னுடையது. என் அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்கும். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறிச் சத்தம் கேட்டால் உள்ளே எட்டிப் பாருங்கள். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி அங்கே நெய்து பல மாநில ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. உங்கள் முழங்காலில் என்றைக்கோ சுற்றிய துணி அந்தத் தறியில் ஓடியதாக இருக்கலாம்.

ராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர்கள் சொல்வது நாயை. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒடுங்கிய வயிறு. காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த இனம். 2005இல் அஞ்சல் தலையிலும் இடம் பிடித்தது. ஆனால் நல்ல வம்சத்து நாய்கள் குறைந்துவிட்டன. சுத்த வெள்ளைக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்ததில் காது கேளாத குட்டிகளும் பிறக்கின்றன. வாங்க நினைத்தால் நிறத்தைப் பார்க்காமல், குட்டிக்குப் பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள்.

சென்னையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் இரண்டு ஊரிலும் நிற்கும். விடிகிற நேரத்தில் இறங்கிவிடலாம். முதல் நாள் ஸ்ரீவில்லிபுத்தூர், இரவு அங்கேயே தங்கல், மறுநாள் ராஜபாளையம் என்று வைத்துக்கொண்டால் காலுக்கும் சுகம். ராஜபாளையத்தை அடுத்த அய்யனார் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். குற்றாலத்துக்குப் புறப்படுகிறவர்கள் திட்டத்தில் ஒரு ராத்திரியை எங்களுக்கு ஒதுக்குங்கள். வரும்போது பென்னிங்டன் நூலகத்துக்கு ஒரு புத்தகமும் கொண்டுவாருங்கள்.