பனிப்பந்து எங்கே? – ஒரு படநூலும் வாசிப்புக் கற்பித்தலும்

எஸ்ரா ஜாக் கீற்ஸ் எழுதி வரைந்து, 1962 இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘பனி நாள்’ என்னும் படநூல், அந்நாட்டு ஆரம்ப வகுப்புகளிற் குளிர்காலத்தில் விரும்பி வாசிக்கப்படுவது. 1963 இல் கால்டெகொற் பதக்கம் பெற்ற இந்நூலின் நாயகன் பீற்றர், நகரத்துக் கறுப்பினச் சிறுவன். வாசித்த பின்னர் பஞ்சை ஒட்டிப் பனிமனிதன் செய்வித்தல், கதைப்படங்களை நிரற்படுத்துவித்தல் முதலியன பெருவழக்கு. இவை கைக்கும் நினைவுக்கும் பயிற்சியாகலாம். வாசிப்புக்குப் போதா என்பதே எமது கருத்து.

நூலின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. பீற்றர் ஒரு பனிப்பந்தை நாளைக்கென்று மேலாடைப் பையில் இட்டு வீடு திரும்புகிறான். உறங்குமுன் பார்க்கையிற் பை வெறுமையாயிருக்கிறது, துயருறுகிறான். பந்து உருகிற்று என்று நூல் அவ்விடத்திற் கூறவில்லை. உருகுதல் பற்றிய பேச்சு பின்வரும் கனவிலேயே, அதுவும் பனி முழுவதையும் பற்றியே எழுகின்றது. எனவே வகுப்பாசிரியரும் முந்திக்கொண்டு விளக்கலாகாது. பக்கத்தைத் திருப்பாது நிறுத்தி, ‘பந்து எங்கே?’ என்று மட்டும் வினவுதல் வேண்டும். சொல்லப்பட்டதிலிருந்து சொல்லப்படாததைப் பிள்ளை தானே உய்த்துணர்வது அங்கேதான். விடைகளைப் பிள்ளைகளின் சொற்களிலேயே கரும்பலகையில் எழுதினால், தம் பேச்சு எழுத்தாவதையும் அவர்கள் காண்பர்.

பீற்றரின் நிறம் பற்றியும் நூலில் ஒரு சொல்லேனும் இல்லை. படமே அதனை உரைக்கின்றது. 1962 முதல் 1964 வரை வெளிவந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர் நூல்களுள் 6.7 வீதமானவற்றிலேயே கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றனர் என நான்சி லாரிக் 1965 இல் எடுத்துக்காட்டினார். கீற்ஸ் தீட்டிய தாயின் உருவத்தையும் அவர் கண்டித்தமை நோக்கற்பாலது. தாய் பீற்றரின் நனைந்த காலுறைகளைக் கழற்றும் அப்பக்கத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்து, சொல்லில் இல்லாது படத்தில் மட்டும் உள்ளவற்றை எழுதுவிப்பது மறுநாட் பயிற்சியாக அமையலாம்.