மடிக்கணினிக்கு நம்பகமான திறந்த மூல இயக்குதளம்

விண்டோஸ் 10 இயக்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்கிறது. இதனால் நன்றாக ஓடும் பல மடிக்கணினிகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காத நிலைக்கு வந்துவிட்டன. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த ஒரு வழி, லினக்ஸ் கருனியில் இயங்கும் திறந்த மூல இயக்குதளங்கள். உபுண்டு, மின்ட், பெடோரா, டெபியன், ஆர்ச் என இவற்றின் பட்டியல் நீளமானது. இவற்றில் எதை நம்புவது என்பதே புதியவரின் முதல் கேள்வி.

பலர் திரையின் தோற்றத்தைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். தோற்றம் எளிதில் மாற்றக்கூடியது. க்னோம், கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ போன்ற பணிமேடைகளை ஏறக்குறைய எல்லா லினக்ஸ் வழங்கல்களிலும் நிறுவலாம். மென்பொருள்கள் எவ்வளவு அடிக்கடி மாறுகின்றன, பாதுகாப்புத் திருத்தங்கள் எத்தனை ஆண்டுகள் வரும், முடிவெடுப்பவர் யார் என்ற மூன்றும் அப்படி மாற்ற முடியாதவை.

வெளியீட்டு முறை

ஆர்ச் தொடர் வெளியீட்டு முறையைப் பின்பற்றுகிறது. புதிய பதிப்புகள் வந்தவுடன் பயனருக்குக் கிடைத்துவிடும். பெடோரா ஏறத்தாழ 6 மாதங்களுக்கு ஒருமுறை வெளிவருகிறது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சுமார் 13 மாதங்களே ஆதரவு. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து 5 ஆண்டுகள் திருத்தம் பெறுகிறது. லினக்ஸ் மின்ட் இதன் மேல் கட்டப்பட்டது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனின் நிலையான பதிப்பும் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு 3 ஆண்டுகள் முழு ஆதரவும், பின்னர் 2 ஆண்டுகள் நீட்டித்த ஆதரவும் உண்டு.

டெபியனின் நிலையான பதிப்பில் மென்பொருள்கள் பழையவை என்ற குறை எப்போதும் உண்டு. அந்தத் தாமதம் எதற்கு உதவும் என்பதை 2024 மார்ச் மாதம் காட்டியது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளில், பராமரிப்பாளராகவே நம்பிக்கை பெற்றிருந்த ஒருவர் மறைவாசல் ஒன்றை நுழைத்திருந்தார். தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறது என்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். அதற்குள் அந்தப் பதிப்பு ஆர்ச்சுக்கும், பெடோரா, டெபியன் ஆகியவற்றின் சோதனைக் கிளைகளுக்கும் போய்விட்டது. டெபியனின் நிலையான பதிப்பில் பழைய எக்ஸ்இசட் இருந்ததால் அதன் பயனர்கள் தப்பினர்.

தாமதத்துக்கு விலையும் உண்டு. சில மாதங்களுக்கு முன் சந்தைக்கு வந்த மடிக்கணினியின் வைஃபை சில்லையோ வரைகலைச் சில்லையோ பழைய கருனி அடையாளம் காணாமல் போகலாம். அத்தகைய கணினிக்குப் பெடோராவோ உபுண்டுவின் புதிய பதிப்போ பொருத்தம். மூன்று நான்கு ஆண்டுப் பழைய கணினியில் இந்தச் சிக்கல் அரிது.

முடிவெடுப்பவர்

சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று பலர் நம்பி நிறுவியிருந்தனர். 2021 இறுதியோடு அது முடியும் என 2020 டிசம்பரில் ரெட் ஹேட் நிறுவனம் அறிவித்தது. மூல நிரல் திறந்திருப்பதால் மட்டும் ஒரு திட்டத்தின் ஆயுள் உறுதியாவதில்லை என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. டெபியனுக்கு உரிமையாளர் நிறுவனம் இல்லை. தன்னார்வலர்கள் ஆண்டுதோறும் திட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரிய முடிவுகளை வாக்கெடுப்பில் எடுக்கிறார்கள். கட்டற்றதல்லாத வன்பொருள் நிரல்களை நிறுவியில் சேர்க்க 2022இல் அப்படித்தான் முடிவானது. அதற்குமுன் வைஃபை இயங்கத் தேவையான கோப்பைப் பதிவிறக்கவே வைஃபை தேவைப்பட்ட வேடிக்கை பலருக்கு நேர்ந்தது.

சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழ்நாடு அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் அது இருந்ததால், டெபியன் என்ற பெயரைக் கேட்காமலே அதைப் பயன்படுத்திய மாணவர்கள் பலர். இன்று டெபியனிலும் உபுண்டுவிலும் ஐபஸ் உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யலாம்.

நிறுவும் முன்

பெரும்பாலான வழங்கல்களை 8 ஜிபி பென் டிரைவில் எழுதி, நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, ஒலிவாங்கி, கேமரா, தொடுபலகை ஆகியவற்றோடு, மூடியை மூடித் திறந்தால் கணினி சரியாக விழிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வரும் புகார்களில் அதுவே அதிகம் தொல்லை தருவது. 4 ஜிபி நினைவகம் உள்ள கணினிக்கு எக்ஸ்எஃப்சிஇ போதும். 32 பிட் செயலி மட்டும் உள்ள மிகப் பழைய கணினிக்கு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் நிறுவி கிடையாது. டெபியன் 12 பயன்படும். நிறுவி "வட்டு முழுவதையும் அழி" என்று கேட்கும்போது அது சொல்வதையே செய்யும். ஆகவே கோப்புகளின் நகல் முன்கூட்டியே வேறொரு வட்டில் இருக்க வேண்டும்.